புரிந்தவர்களின் கையெழுத்து

புரிமானியில் தொண்ணூற்று மூன்று வாங்கிய அன்று கஸ்பார் அரைக் கிலோ மக்ரூனோடு வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, "ஏ மெற்றி, வாயத் தொற" என்று ஒன்றை எடுத்து மனைவி மெற்றில்டாவின் வாயில் போட்டான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுச் சங்கு குளிக்கப் போன மனிதன். கணக்கில் இரட்டை இலக்கம் எடுத்ததாக அவனுக்கே ஞாபகம் கிடையாது.

"நூத்துக்குத் தொண்ணூத்தி மூணுட்டி! நம்ம ஜூலியான் மவன் வெறும் எழுபத்தி ஒம்போது. காலேசு முடிச்சவன்."

"டீச்சர் யாரு?" என்றாள் அவள், வாய் நிறைய இனிப்போடு.

"அதான் டீச்சருக்கு மொத மக்ரூன்."

சிப்பித்துறையில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். நாற்பத்தொரு பேர் உட்கார்ந்ததில் முப்பத்தெட்டுப் பேர் எழுபதைத் தாண்டியிருந்தார்கள். கடற்கரைச் சாலையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். முப்பத்தெட்டு முகங்களும் வட்டம் வட்டமாக, ஒவ்வொன்றின் கீழும் மதிப்பெண். நடுவில் கொஞ்சம் பெரிய வட்டத்தில், கையில் புத்தகத்தோடு மெற்றில்டா. பகுதிநேர ஊர்ப்புற நூலகர் என்பதை எடுத்துவிட்டு 'பேராசிரியை' என்று போட்டிருந்தார்கள். அவள் போய்ச் சண்டை போட்டாள். "அச்சடிச்சாச்சு, விடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார்கள்.

அது பரீட்சை இல்லை என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு எண்ணை நீட்டினால் அதை எப்படியாவது கூட்டிக் காட்டவேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும். மெற்றில்டாவுக்கும் அப்படித்தான்.

புரிமானி கெட்ட எண்ணத்தில் வந்த கருவி இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கி, நிலத்தையும் உடம்பையும் எழுதி எடுத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 'என்னவென்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன்' என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்காக மனித உரிமைக்காரர்கள் பதினைந்து வருடம் தெருவில் நின்றார்கள். கடைசியில் புரிதல் சட்டம் வந்தது. ஒரு மனிதன் தன் உரிமை எதையாவது விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால், அந்த உரிமை இன்னதென்று அவனுக்கு நிஜமாகவே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை என்றால் கையெழுத்து செல்லாது. சட்டம் அவ்வளவுதான். அது நிறைவேறிய அன்று மெற்றில்டா நூலகத்தில் வந்தவர்களுக்கெல்லாம் எலுமிச்சைச் சாறு கொடுத்தாள்.

கருவி நெற்றியில் கட்டுகிற ஒரு பட்டை. காதுக்குள் ஒரு குரல், அவரவர் ஊர்ப் பேச்சிலேயே உரிமையை எடுத்துச் சொல்லும். சொல்லிக்கொண்டே மூளையைப் பார்த்துக்கொண்டிருக்கும். மனப்பாடம் செய்து அதை ஏமாற்ற முடியாது; தலையாட்டியும் ஏமாற்ற முடியாது. மனசுக்குள் அந்த விஷயம் பிடிபட்டதா இல்லையா என்பது அதற்குத் தெரியும். எழுபதுக்குக் கீழே என்றால் கையெழுத்து வெறும் கிறுக்கல்.

அதே வருடம்தான் கடல்நீரிலிருந்து லித்தியம் பிரிக்கிற ஆலை சிப்பித்துறைக்கு வந்தது. கடல் சூடேறிச் சங்கு அற்றுப்போய், குளியாளிகள் சும்மா சீட்டாடிக்கொண்டிருந்த நேரம். ஆலையின் வண்டல் தொட்டிகளை உள்ளே இறங்கிச் சுரண்ட ஆள் வேண்டியிருந்தது. முதலில் இயந்திரக் கைகளைத்தான் இறக்கினார்கள். உப்பு ஆறே மாதத்தில் அவற்றைத் தின்றுவிட்டது. மனிதன் அதைவிடக் கொஞ்சம் தாங்கினான். அதிலும் மூச்சுப் பிடிக்கத் தெரிந்தவன் என்றால் ரொம்ப நல்லது.

நிரந்தர வேலை வேண்டுமென்றால் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்றது கம்பெனி. சிப்பித்துறைக்காரர்களுக்கு விடுதலைப் பத்திரம் புதிதில்லை. கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகள் அப்பன் வீட்டில் தங்களுக்கு உள்ள பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தருவதுதான் விடுதலைப் பத்திரம். இந்தப் பத்திரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியவை இரண்டு. ஆபத்தான வேலையை மாட்டேன் என்று சொல்லும் உரிமை ஒன்று. ஏதாவது நேர்ந்தால் விசாரணை கேட்கும் உரிமை மற்றொன்று. எழுபது எடுத்தவர்களுக்குத்தான் தொட்டி வேலை, அடையாள அட்டை, ஆஸ்பத்திரி வசதி எல்லாம். எடுக்காதவர்கள் வெளியே முற்றத்தில் உப்புக் கூட்டலாம், தினக்கூலிக்கு.

தேறாத மூன்று பேரில் இன்னாசியும் ஒருவன். கஸ்பாருக்குச் சித்தப்பா மகன். நாற்பத்தொன்று. "நாப்பத்தி ஒரு பேர் எழுதுனோம், நான் ஊருக்குப் பொதுவா நாப்பத்தி ஒண்ணு வாங்கிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தான். அவன் சம்சாரம் சகாயராணி சிரிக்கவில்லை. இரண்டு நாள் அவனுக்குச் சோறு போடவில்லை என்று கேள்வி.

வகுப்பு நூலகத்தில்தான் நடந்தது, இரண்டு மாதம், சாயந்தரம் ஆறிலிருந்து எட்டு வரை. சுவரில் முப்பது பிரிவுகளும் அச்சிட்ட மனித உரிமைப் பிரகடனத்தைப் பெரிதாக ஒட்டியிருந்தாள். உரிமையில் இரண்டு வகை என்றுதான் அவள் தொடங்குவாள். சட்டம் போட்டுக் கொடுத்தது ஒன்று. வேலை நேரம், விடுமுறை, நஷ்டஈடு எல்லாம் அதில் வரும். மனிதனாகப் பிறந்ததாலேயே கூட வந்தது மற்றொன்று. உயிரோடு இருப்பது, மானத்தோடு இருப்பது. முதலாவதை அரசாங்கம் கொடுக்கும், மாற்றும், சமயத்தில் எடுக்கும். இரண்டாவதை யாரும் கொடுக்கவும் இல்லை, யாராலும் எடுக்கவும் முடியாது.

கடைசிப் பெஞ்சிலிருந்து கஸ்பார் கை தூக்கினான். வீட்டில் 'ஏ மெற்றி' என்பவன் வகுப்பில் 'டீச்சர்' என்பான். எல்லோரும் கொக்கரித்துச் சிரிப்பார்கள்.

"டீச்சர், இந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா அந்த ரெண்டாவதும் சேந்து போயிருமா?"

"போகாது. அத நீங்களே எழுதிக் குடுத்தாலும் செல்லாது. யாருக்கும் விக்க முடியாது, தானம் பண்ணவும் முடியாது."

"உறுதியா?"

"உறுதியா."

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். "அப்ப பயமில்ல" என்று சொல்லி உட்கார்ந்தான்.

அந்தத் தொண்ணூற்று மூன்றில் பாதியாவது அந்த நிமிடத்தில் வந்தது என்று மெற்றில்டா இன்றும் நினைக்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு இன்னாசி நூலகத்துக்குள் ஓடிவந்தான். கையில் உப்புக் கூட்டுகிற விளக்குமாறு. அதைக் கீழே போடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. இறங்கி இருபது நிமிடத்தில் கஸ்பாரின் முகமூடிக்குக் காற்று வருவது நின்றுவிட்டது. குழாய் எங்கேயோ மடங்கியிருந்தது. குளியாளி இல்லையா, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏணியைத் தேடியிருக்கிறான். நாலு நிமிடம் பிடித்திருக்கலாம், ஐந்துகூடப் பிடித்திருக்கலாம். வண்டல் அடியில் கண் தெரியாது. முகமூடியைக் கழற்றியிருக்கிறான். கழற்றினால் அந்தத் தொட்டிக்குள் ஒரே மூச்சுதான், அதோடு முடிந்தது.

அந்தக் குழாய் மூன்று வாரமாகவே மடங்கி மடங்கி மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது என்று தொட்டியில் இறங்கிய எல்லோருக்கும் தெரியும். மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லும் உரிமையைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்களே.

மூன்றாம் நாள், கல்லறையில் மண் காயும் முன்பே, கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். பத்திரத்தின் நகலையும் புரிமானிச் சீட்டையும் கொடுத்தார்கள். சீட்டில் கஸ்பாரின் பெயர், அதன் கீழே 93, அதன் கீழே ஒரு வரி: 'கையெழுத்திட்டவர் தாம் விட்டுக்கொடுப்பதை முழுமையாக உணர்ந்துள்ளார்.'

"சார் நல்லா புரிஞ்சவரும்மா" என்றார் வந்தவர்களில் மூத்தவர். அது ஆறுதல் என்றே அவர் நினைத்திருக்க வேண்டும்.

வக்கீல் மர்ஜானாவின் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முப்பது வயதுப் பெண். பேசும்போது பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருப்பாள்.

"அக்கா, உங்களுக்கு என்ன வேணும்? அத மட்டும் சொல்லுங்க."

"அந்தத் தொட்டியத் தொறந்து, அவரு எப்படிச் செத்தாருன்னு ஒரு அதிகாரி எழுதணும். இன்னும் முப்பத்தேழு பேரு அதுல இறங்குதாவ வக்கீலம்மா. எழுதினாத்தான் நிறுத்துவாவ."

"விசாரணை கேக்குற உரிமைய விட்டுக் குடுத்துட்டாரே. பத்திரம் செல்லாதுன்னு காட்டினாத்தான் மனுவையே கையில வாங்குவாங்க. பத்திரம் செல்லாதுன்னா அவருக்குப் புரியலைன்னு காட்டணும். தொண்ணூத்தி மூணு." அவள் சீட்டைத் தள்ளி வைத்தாள். "இதுக்கு மேல ஒரு மனுஷனுக்குப் புரியாதுக்கா."

"புரிஞ்சது தப்பா?"

மர்ஜானா பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தாள். "ஒரே ஒரு வழி இருக்கு. வடக்க ஒரு தோட்ட வழக்குல போன வருஷம் தீர்ப்பு வந்திருக்கு. சொல்லிக் குடுத்தவருக்கே புரியலைன்னா, அவர்கிட்ட கேட்டவங்களுக்குப் புரிஞ்சதா எடுத்துக்க முடியாதுன்னு. கருவி காட்டுனது வெறும் நம்பிக்கைதான், புரிதல் இல்லைன்னு எழுதியிருக்காங்க. இங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தது நீங்க."

"அதனால?"

"விசாரணை அறையில உங்களுக்குப் பட்டை கட்டச் சொல்லி நான் கேப்பேன். நீங்க எழுபதுக்குக் கீழ வந்தா முப்பத்தெட்டுப் பத்திரமும் விழுந்திரும்."

மெற்றில்டா சிரித்துவிட்டாள். அவன் போன பிறகு முதல் தடவையாக. "பயிற்சியில நான் நூறு வாங்கினவ, வக்கீலம்மா. சட்டம் தெரியாத மாதிரி நடிக்கலாம். அந்தக் கருவிகிட்ட நடிக்க முடியாதே."

"நடிக்க வேண்டாம்" என்றாள் மர்ஜானா மெதுவாக. "புரியாம இருக்கணும். ஆறு வாரம் இருக்கு."

ஒரு விஷயத்தைப் புரியாமல் ஆக்கிக்கொள்வது எப்படி? மெற்றில்டா முதலில் சுவரிலிருந்த பிரகடனத்தைக் கிழித்தாள். பார்க்காவிட்டாலும் பிரிவு பிரிவாக மனதில் ஓடியது. பைபிளைத் திறந்து வம்ச வரலாற்றுப் பெயர்களைப் படித்தாள். சீரகம் புடைத்தாள். எந்த வேலை செய்தாலும் உள்ளே ஒரு ஓரத்தில் அது பளிச்சென்று விளங்கிக்கொண்டே இருந்தது, அணைக்கத் தெரியாத விளக்கு மாதிரி.

அப்போதுதான் இன்னாசியின் நினைப்பு வந்தது. ஊரிலேயே புரியாமல் போனவர்களில் குடிக்காதவனும் காது கேட்கிறவனும் அவன் ஒருவன்தான். தினமும் மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் நூலகத்துக்கு வரச் சொன்னாள். செய்தித்தாள் அடுக்குக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்காருவான்.

"உண்மையச் சொல்லு. உனக்கு எப்படிப் புரியாமப் போச்சு? தூங்கிட்டியா?"

"ஊர்ல அப்படித்தான் சொல்லுதாவ. இல்ல மைனி, நல்லா முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன்." அவன் கூச்சத்தோடு காதைச் சொறிந்தான். "மாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்குன்னு அந்தக் கொரல் சொல்லுது. சரின்னேன். அத விட்டுக் குடுக்கச் சம்மதமான்னு கேக்கு. எனக்குத்தான் மாட்டேன்னு சொல்ல உரிமை இருக்கே, அப்ப இதுக்கும் மாட்டேன்னு சொல்லலாமா, சொன்னா வேலை உண்டா, இல்லேன்னா அது என்ன உரிமை? அங்கனயே நின்னுட்டேன் மைனி. அதுக்குப் பெறகு அது சொன்னது ஒண்ணும் காதுல ஏறல."

"அப்படி இல்லல. இங்க பாரு" என்று அவள் தொடங்கினாள்.

அதுதான் பழக்கம். எதிரே ஒருவன் தப்பாகப் புரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. அவனுடைய குழப்பத்தை வாங்கிக்கொள்ளத்தான் அவனைக் கூப்பிட்டாள். வாங்க வேண்டுமானால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். பார்க்கப் போனால் சரிசெய்யத் தோன்றுகிறது.

"உன் வீட்டுக் கதவுன்னு வச்சுக்கோ. எவனோ வந்து தட்டுதான். தொறக்க மாட்டேன்னு சொல்ல உனக்கு உரிமை உண்டு. ஆமாவா?"

"ஆமா. சகாயம் தொறந்திருவா."

"அவள விடு. கம்பெனிக்காரன் தட்டல. கதவையே கழத்திக் குடுன்னு கேக்கான். குடுக்கலாம், குடுக்காம இருக்கலாம். குடுத்துட்டா?"

இன்னாசி வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தான். "குடுத்துட்டா, பெறகு அவன் தட்டவே வேண்டாமே மைனி. நேரா உள்ள வருவான்."

"அதான்!" என்று மெற்றில்டா கையைத் தட்டினாள். கணநேரம் பழைய சந்தோஷம் வந்தது. மறுகணம் வெட்கமாக இருந்தது. "சரி, நீ போ. இன்னைக்குப் போதும்."

ஆறு வாரமும் இப்படியே போயிற்று. அவனிடமிருந்து அவள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் தனியாக இருக்கவேண்டியதில்லை. அவனும் வந்துகொண்டேதான் இருந்தான். அண்ணன் எப்படி இறங்கினான், யார் அனுப்பினார்கள், எந்த வரியில் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். அவளும் சொல்வாள்.

விசாரணை அறை பழைய தாலுகா அலுவலகத்தின் மாடியில் இருந்தது. அதிகாரி வயதானவர். சட்டைப்பையில் இரண்டு கண்ணாடி வைத்திருந்தார். ஒன்று படிக்க, மற்றொன்று ஆட்களைப் பார்க்க. கம்பெனி வக்கீல் அடர்நீலக் கோட்டில், வெயிலில் வந்தவர் மாதிரியே இல்லாமல் இருந்தார். பின்னால் பெஞ்சில் இன்னாசியும், தொட்டிவேலைக்காரர்களின் பெண்டாட்டிகள் பத்துப் பதினைந்து பேரும்.

பட்டை கட்டுமுன் மெற்றில்டா எழுந்து நின்றாள். "ஐயா, ஒண்ணு கேக்கலாமா? விட்டுக் குடுக்க முடியாத உரிமைன்னு ஒண்ணு இருக்கு. உயிரோட இருக்கிறது. உலகம் பூரா ஒத்துக்கிட்டது. அது பத்திரத்துல போகாதுன்னு நான்தான் அவருக்குச் சொன்னேன்."

அதிகாரி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். குரலில் இரக்கம் இருந்தது.

"சரியாத்தான்மா சொல்லியிருக்கீங்க. அத யாரும் எடுக்கல. எடுக்கவும் முடியாது. உங்க வீட்டுக்காரருக்கு அது இருந்தது. இப்பவும் இருக்கு. அத விசாரிக்க இந்த அறைக்கு அதிகாரம் இல்ல, அவ்வளவுதான்."

"எந்த அறைக்கு இருக்கு?"

அவர் படிக்கிற கண்ணாடிக்கு மாறினார். "பட்டையக் கட்டுங்க."

பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்வது என்று அவள் முடிவுசெய்து வைத்திருந்தாள். குரல் தொடங்கியது. அவளுடைய ஊர்ப் பேச்சில், அக்கறையான பெண்குரல். *ஆபத்தான வேலைய மாட்டேன்னு சொல்ல ஒங்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னா ஒங்கள யாரும் ஒண்ணும் செய்யக் கூடாது.*

வாய்ப்பாடு தேவைப்படவில்லை. அவள் உண்மையாகவே கவனித்தாள். ஒங்களுக்கு என்றால் யாருக்கு? யாரும் என்றால் யார்? தொட்டிக்கு அடியில், காற்று நின்றுபோன அந்த நேரத்தில், அவன் யாரைப் பார்த்து மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்? உரிமை உண்டு என்கிறது குரல். எங்கே உண்டு? சுவரில் ஒட்டியிருந்த தாளில் இருந்தது. அவள் வாயில் இருந்தது. அவன் தலையில் தொண்ணூற்று மூன்று இருந்தது. அப்படியும் அவனால் ஒரு மூச்சு இழுக்க முடியவில்லையே. ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான். ஒன்றோடொன்று ஒட்டவே மாட்டேன் என்றது. குரல் திரும்பவும் பொறுமையாகச் சொன்னது. அவள் குழந்தை மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

பட்டையை அவிழ்த்ததும் எழுத்தர் சீட்டைக் கிழித்து, நம்பமுடியாமல் இருமுறை பார்த்தார். "முப்பத்தி நாலு."

பெஞ்சில் யாரோ "மாதாவே" என்றார்கள். மர்ஜானா மேசைக்கு அடியில் மெற்றில்டாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கம்பெனி வக்கீல் அவசரமில்லாமல் எழுந்தார். "ஐயா, சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு. ஒரு உரிமையைக் கோரி மனுச் செய்பவருக்கு அந்த உரிமை புரிந்திருக்க வேண்டும். அதே எழுபதுதான் அளவு. மனுதாரரை யாரும் தூண்டிவிட்டு ஏமாற்றக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு. இந்த அம்மாள் கேட்பது என்னவென்று இவருக்கே தெரியாது. சீட்டு சொல்கிறது."

"அந்தச் சீட்டாலதானே முப்பத்தெட்டுப் பத்திரமும் விழுது!" என்றாள் மர்ஜானா.

"மனுவை ஏற்றால்தான் பத்திரத்தைப் பற்றிப் பேச முடியும். ஏற்க மனுதாரர் இல்லையே."

அதிகாரி வெகுநேரம் எழுதினார். பிறகு கேட்டார்: "வேற யாராவது போடலாம்மா. குடும்பத்துல, இல்ல கூட வேலை பாத்தவங்கள்ல. எழுபதுக்கு மேல இருக்கிறவங்க."

மர்ஜானா திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். எழுபதுக்கு மேல் இருக்கிற முப்பத்தேழு பேரும் விசாரணை கேட்கும் உரிமையை எழுதிக் கொடுத்தவர்கள். எழுதிக் கொடுத்தது செல்லாதவர்கள் மூன்று பேர். அவர்களுக்குப் புரியாது. பெண்கள் யாருக்கும் பட்டை கட்டியதே இல்லை. ரத்த உறவும் இல்லை.

"கம்பெனிக்காரன் போடலாம்லா" என்றான் இன்னாசி, பெஞ்சிலிருந்து சத்தமாக. "அவனுக்கு எல்லாம் வெளங்குது. ஒண்ணையும் எழுதியும் குடுக்கல."

எழுத்தர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. மனுதாரரின் தகுதியின்மையால் தள்ளுபடி என்று எழுதி முத்திரை வைத்தார். வெளியே வந்ததும் மர்ஜானா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். மெற்றில்டாதான் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் ஒரு நம்பிக்கை ஊரில் சுற்றியது. டீச்சருக்கு முப்பத்திநாலு என்ற செய்தி கம்பெனியைக் கலக்கிவிட்டது என்றார்கள். அது உண்மைதான். நாளைக்கு வேறு எவராவது வேறு நீதிமன்றத்தில் அந்தச் சீட்டை எடுத்து நீட்டினால் வம்பு என்று நினைத்து, பத்தே நாளில் எல்லோருக்கும் மறுபடியும் பட்டை கட்ட ஏற்பாடு செய்தார்கள். தேறாத மூவரையும் சேர்த்து. இந்தத் தடவை யாரும் தேறக்கூடாது என்று ஊரே தீர்மானம் பண்ணியது. பெண்கள் உபவாசம் இருந்தார்கள். முந்தின நாள் ஆட்களைப் படிக்க விடவில்லை, பேச விடவில்லை. ஜூலியான் மகனுக்கு அவன் அம்மா இரண்டு தூக்க மாத்திரை கொடுத்தாள்.

மெற்றில்டா நூலகத்தில் இருந்தாள். பத்து மணிக்கு முதல் ஆள் வாசலைக் கடந்தான். தலையைத் தூக்கவில்லை. "தொண்ணூத்தி எட்டு டீச்சர்" என்றான். அடுத்தவன் தொண்ணூற்று ஒன்பது. ஜூலியான் மகன் மாத்திரை மயக்கத்தோடு நூறு வாங்கியிருந்தான். அவள் வகுப்பில் நூறு எடுத்தவர்கள் கிடையாது. அன்று பதினொரு பேர் எடுத்தார்கள்.

புரியாமல் இருக்க அவர்களால் முடியவில்லை. மாட்டேன் என்று சொல்ல முடியாமல் போவது என்றால் என்ன என்று குரல் சொல்லத் தொடங்கியதுமே, கஸ்பாரைத் தொட்டியிலிருந்து தூக்கிப் போட்ட காட்சி ஒவ்வொருவர் கண்ணிலும் வந்து நின்றது. அதற்கு மேல் விளக்கம் எதற்கு?

ஒரு மணி வாக்கில் இன்னாசி வந்தான். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரவில்லை. மேசைக்கு முன்னால் நின்றான்.

"மணி மூணு ஆகலியே" என்றாள்.

"எவ்வளவோ பாத்தேன் மைனி. காதுல வாங்கக் கூடாதுன்னு மனசுக்குள்ள அருள் நிறைந்த மரியே சொல்லிக்கிட்டே இருந்தேன். அது ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல, நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. எல்லாம் வெளங்குது."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எவ்வளவு?"

"தொண்ணூத்தி ஆறு." அவன் உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. முதல் தடவையாகத் தேறியவன். "அன்னைக்கு நான் போட்ட கையெழுத்து கெடக்குல்லா, செல்லாத கையெழுத்து. அது இப்ப செல்லுமாம். புதுசாப் போட வேண்டியதில்லயாம். நாளைக் காலையில ரெண்டாம் தொட்டி."

மெற்றில்டா எழுந்தாள். என்ன செய்ய எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "போகாத, இன்னாசி."

"அதெல்லாம் எழுதிக் குடுத்தாச்சே மைனி" என்றான். குழந்தைக்கு எடுத்துச் சொல்கிற மாதிரி, பொறுமையாக.

வெளியே யாரோ இன்னும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரு காரியம் கேக்கணும்" என்றான் இன்னாசி. "எனக்கு ஒண்ணு ஆச்சின்னா சகாயம்தான மனுப் போடணும். அவளுக்கு எழுபது வேணும். அவளுக்குப் பத்திரம்னாலும் தெரியாது, உரிமைன்னாலும் தெரியாது. மீனு காயப்போட மட்டுந்தான் தெரியும். உங்களுக்கு முப்பத்தி நாலுன்னா இருந்துட்டுப் போகட்டும், என்னைய வெளங்க வச்சியள்லா. சாயந்தரம் அவள அனுப்பட்டுமா?"

மனுப் போட்டாலும் அதை வாங்க ஆள் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். தொண்ணூற்று ஆறு எடுத்தவனுக்கும் தெரியாமல் இருக்காது. அப்படியும் கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்கு நின்றான்.

"ஆறு மணிக்கு வரச் சொல்லு" என்றாள் மெற்றில்டா. "நோட்டு ஒண்ணு கொண்டுவரச் சொல்லு."